வாசலைவிட உயர்ந்த தெரு

மேற்கு மாம்பலமோ, புரசைவாக்கமோ, கொளத்தூரோ, சென்னையில் பழைய தெரு எதில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். 30, 40 வருடத்துக்கு முன் கட்டிய வீடு என்றால் கேட்டைத் திறந்ததும் உள்ளே இறங்க வேண்டியிருக்கும். கட்டியவர்கள் அப்படிக் கட்டவில்லை. மூன்று படி வைத்து, மழைத் தண்ணீர் ஏறாத உயரத்தில்தான் வாசலை வைத்தார்கள். அந்தப் படிகள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன, தாருக்கு அடியில்.

வெள்ளம் வந்தால் மழையைச் சொல்கிறோம், வடிகாலைச் சொல்கிறோம், ஏரி ஆக்கிரமிப்பைச் சொல்கிறோம். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு தெருவாசி கையால் அளந்து பார்க்கக்கூடிய, தன் வார்டிலேயே தடுத்து நிறுத்தக்கூடிய காரணம் ஒன்று உண்டு: தெருவின் மட்டம். இதைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் புகார் எழுதுகிறோம். ஒவ்வொரு முறையும் ஏறுவது சில சென்டிமீட்டர் என்பதால் கண்ணுக்குப் படுவதில்லை. புது ரோடு வந்த சந்தோஷத்தில் அது யாருக்கும் உறைப்பதும் இல்லை.

கணக்கு எளிது. உள்தெருவில் ஒரு முறை தார்க் கலவை போட்டால் அழுத்திய பிறகு 3 முதல் 4 செ.மீ. கனம் நிற்கும். பழையதைச் சுரண்டாமல் மேலேயே ஐந்து முறை போட்டால் 15 முதல் 20 செ.மீ. ஒரு படியின் உயரமே 15 முதல் 17 செ.மீ.தான். சிமென்ட் சாலை என்றால் இன்னும் மோசம். பழைய தார் மேலேயே 15 செ.மீ. கான்கிரீட் கொட்டினால் ஒரே வேலையில் ஒரு படி காணாமல் போய்விடும். அதோடு தார் ரோட்டைப் பின்னால் சுரண்டி எடுக்கலாம். கான்கிரீட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். குறுகலான சந்து என்பதற்காகக் கான்கிரீட் போட ஒப்புக்கொள்ளும் முன், அடியில் இருப்பதைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் போடுவார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தச் சில சென்டிமீட்டர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு கணக்கு. 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்தில் ஒரு தெரு. இருபுறமும் 15 மீட்டர் ஆழ மனைகள். மொத்தம் 3,600 சதுர மீட்டர். அங்கே 1 செ.மீ. மழை பெய்தால் 36,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்று. ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. கொட்டினால் பதினைந்து லாரித் தண்ணீரை அந்த ஒரு தெருவில் திறந்துவிட்ட மாதிரி. அது போக வேண்டிய இடம் வடிகால். வீட்டுத் தரை வடிகால் வாயைவிடத் தாழ்வாக இருந்தால், தண்ணீர் முதலில் வீட்டுக்குத்தான் போகும். எவ்வளவு கோடியில் வடிகால் கட்டினாலும் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது.

சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்பது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே அளவுக்கே புதிதாகப் போட வேண்டும், வீடுகள் பள்ளத்துக்குள் போகக் கூடாது என்று அறிவுறுத்தினார். அதற்குப் பிறகு பஸ் போகும் சாலைகளில், பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் இயந்திரம் பார்க்கும் காட்சியாகிவிட்டது. உள்தெருக்களில்தான் நழுவுகிறது. அது எங்கே நழுவுகிறது என்று தெரிந்தால்தான் பிடிக்க முடியும்.

முதல் இடம் மதிப்பீடு. சாலை வேலைக்கான எஸ்டிமேட்டில் மில்லிங் தனி வரியாக இருக்கும், சதுர மீட்டர் கணக்கில். அதற்கடுத்து, புதுத் தார் பழையதோடு ஒட்டுவதற்காக எமல்ஷன் (தண்ணீர் கலந்த தார்) தெளிப்பது, இதுவும் சதுர மீட்டரில். பிறகு தார்க் கலவை, கன மீட்டரில். மில்லிங் என்ற வரியே எஸ்டிமேட்டில் இல்லையென்றால் ஒப்பந்ததாரர் சுரண்ட மாட்டார். அதற்கு அவருக்குப் பணம் கிடையாது. ரோடு போட வந்த இரவில் அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. வார்டு உதவிப் பொறியாளர் எஸ்டிமேட் தயாரிக்கும் கட்டத்தில் கேட்டிருக்க வேண்டும். கவுன்சிலரைப் பார்த்து "எங்க தெருவுக்கு ரோடு போடுங்க" என்று மட்டும் கேட்டால் ரோடு மட்டும்தான் வரும். "சுரண்டிட்டுப் போடுங்க, எஸ்டிமேட்ல எத்தனை சென்டிமீட்டர்னு சொல்லுங்க" என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது இடம் மேன்ஹோல். சாலை மாநகராட்சியுடையது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. ரோடு ஏற ஏற வாரியம் மேன்ஹோல் கழுத்தை உயர்த்திக்கொண்டே வந்திருக்கும். இப்போது 4 செ.மீ. சுரண்டினால் மேன்ஹோல் மூடி மட்டும் மேடாகத் துருத்திக்கொண்டு நிற்கும், வண்டி தட்டும். அதனால் மூடியைச் சுற்றி அரை மீட்டர் சுரண்டாமல் விட்டுவிடுவார்கள். சில தெருக்களில் இதையே சாக்காகச் சொல்லி மில்லிங்கையே கைவிடுவார்கள். இரண்டு துறையும் ஒரே நாளில் வந்தால் அரை நாள் வேலை இது. வர வைப்பது கவுன்சிலரின் கடமை. தெருக்காரர்கள் வேலை தொடங்கும் தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்கி, வாரியத்தின் பகுதிப் பொறியாளருக்கு அதே தேதியைக் குறிப்பிட்டு மனு கொடுத்து வைத்தால் "எங்களுக்குத் தகவல் இல்லை" என்ற பதில் வராது.

மூன்றாவது, ஓரங்கள். பெரிய இயந்திரம் மின்கம்பம், பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்பெட்டி), வீட்டுச் சாய்தளம் பக்கத்தில் வராது. நடுவே சுரண்டி ஓரத்தை விட்டுவிட்டால் தெரு குழிந்த தட்டு மாதிரி ஆகிவிடும். தண்ணீர் நடுவிலேயே நிற்கும், தார் சீக்கிரம் பெயரும். ஓரங்களைச் சிறிய இயந்திரத்தாலோ பிரேக்கர் வைத்தோ உடைத்து எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் பேச முதலில் கையில் எண் வேண்டும். "எங்க தெரு ரொம்ப மேடாயிடுச்சு சார்" என்ற வாக்கியத்துக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை. "என் வாசற்படியைவிட ரோடு 9 செ.மீ. உயரம்" என்பதற்கு உண்டு. அளக்க சர்வேயர் வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பிடிக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் 10 அல்லது 15 மீட்டர், ஒரு ஸ்டீல் டேப், நேரான கம்பு ஒன்று, இரண்டு ஆட்கள். அவ்வளவுதான்.

வாசற்படியின் மேல்மட்டத்திலிருந்து சரியாக 100 செ.மீ. உயரத்தில் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். டியூபில் தண்ணீரை ஒரு முனையிலிருந்து மெதுவாக விட்டு நிரப்புங்கள். குமிழி ஒன்றுகூட உள்ளே நிற்கக் கூடாது. குமிழி இருந்தால் அளவு பொய்யாகும். சாயத்துளி கலந்தால் மட்டம் நன்றாகத் தெரியும். ஒருவர் ஒரு முனையைக் கோட்டருகே பிடிக்க, மற்றவர் மறுமுனையைக் கம்போடு சேர்த்துத் தெருவின் நடுவில் நிறுத்தட்டும். நடக்கும்போது முனையைக் கட்டைவிரலால் மூடிக்கொள்ளலாம், ஆனால் அளவு எடுக்கும்போது இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். வாசலில் தண்ணீர் கோட்டில் வந்து நின்றதும், தெருவில் தரையிலிருந்து டியூபில் உள்ள நீர்மட்டம் வரை டேப்பால் அளக்க வேண்டும். 130 வந்தால் தெரு உங்கள் படியைவிட 30 செ.மீ. தாழ்வு. 91 வந்தால் தெரு 9 செ.மீ. உயரம். டியூப் எங்கும் மடங்கியிருக்கக் கூடாது. பாதி டியூப் வெயிலில் சூடேறிக் கிடந்தாலும் அளவு கொஞ்சம் பிசகும். காலையில் செய்வது நல்லது.

மூன்று இடத்தில் அளங்கள்: நடு ரோடு, ரோட்டின் ஓரம், வடிகாலுக்குள் தண்ணீர் இறங்கும் வாய். உதாரணமாக நடுவில் 122, ஓரத்தில் 128, வடிகால் வாயில் 131 என்று வந்தால் தெரு ஒழுங்காக இருக்கிறது. தண்ணீர் நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து வடிகாலுக்கும் இறங்கும். நடுவில் 112, ஓரத்தில் 118, வடிகால் வாயில் 110 என்றால் வடிகாலின் வாய் ரோட்டு ஓரத்தைவிட 8 செ.மீ. மேலே நிற்கிறது. அந்தத் தெருவில் தண்ணீர் 8 செ.மீ. தேங்கிய பிறகுதான் முதல் சொட்டு வடிகாலுக்குள் போகும். எத்தனை முறை தூர் வாரினாலும் இந்த 8 செ.மீ. போகாது. இதுதான் பல தெருக்களின் நோய். ஒவ்வொரு மழைக்கும் மோட்டார் வைத்து இறைப்பது அதற்கு மருந்தாகாது.

பத்து வீட்டுக்கு ஒன்று என்று அளந்து, தேதி போட்டு, டேப் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். ஆதாரப் புள்ளியாக வாசற்படி, பழைய கோயில் படி, காம்பவுண்டுச் சுவரின் அடி என்று நகராத ஒன்றை எடுங்கள். மேன்ஹோல் மூடியை எடுக்காதீர்கள், அதுதான் முதலில் நகரும். அளக்க நல்ல காலம் ஜனவரி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சுவரில் நீர் நின்ற தடம் இன்னும் அழியாமல் இருக்கும். அந்தத் தடத்தின் உயரத்தையும் கூடவே குறித்துக்கொள்ளலாம்.

வேலை நடக்கும் இரவில் கவனிக்க வேண்டியவை சில. பெரும்பாலும் ராத்திரியில்தான் போடுகிறார்கள், அதனால் இரண்டு மூன்று பேர் விழித்திருக்க வேண்டும். சுரண்டிய பரப்பைக் கூட்டி, தூசி இல்லாமல் செய்த பிறகே எமல்ஷன் தெளிக்க வேண்டும். தூசி மேல் தெளித்தால் புதுத் தார் பழையதோடு ஒட்டாமல் அப்பளம் மாதிரி பெயரும். தெளித்தவுடன் பழுப்பாக இருக்கும் எமல்ஷன், தண்ணீர் பிரிந்து கறுப்பான பிறகுதான் கலவை கொட்ட வேண்டும். கலவை பிளான்டிலிருந்து 150 டிகிரிக்கு மேல் சூட்டோடு கிளம்பும். உருளை ஓட்டி முடிக்கும்போதும் 90, 100 டிகிரி இருக்க வேண்டும். லாரி நெரிசலில் மாட்டி இரண்டு மணி நேரம் கழித்து வந்து, கலவை கட்டி கட்டியாக மங்கிப்போய் விழுந்தால் அது ஆறிவிட்டது என்று அர்த்தம். அதை எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே ஓட்டை இருக்கும், முதல் மழையிலேயே ஜல்லி உதிரும். ஈரத் தரையில் போடவே கூடாது.

கனமும் அப்படித்தான். அழுத்துவதற்கு முன் பரப்பிய கலவை, கடைசியில் வர வேண்டிய கனத்தைவிடக் கால் பங்கு கூடுதலாக இருக்க வேண்டும். 4 செ.மீ. வேண்டுமென்றால் பரப்பும்போது 5 செ.மீ. ஒரு கம்பியைக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். எத்தனை லாரி வந்தது என்று எண்ணுங்கள். 100 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 4 செ.மீ. கனம் என்றால் 20 கன மீட்டர்; எடையில் கிட்டத்தட்ட 46 டன். பத்துப் பன்னிரண்டு டன் லாரி நான்கு வர வேண்டிய இடத்தில் இரண்டோடு முடிந்திருந்தால் கனம் எங்கே போனது என்று கேட்க எல்லா உரிமையும் உண்டு. கடைசியாகச் சரிவு. நடுவிலிருந்து ஓரத்துக்கு 3 மீட்டர் என்றால் 6 முதல் 7.5 செ.மீ. இறங்க வேண்டும். நடுவிலிருந்து ஒரு நூலை மட்டமாக இழுத்துப் பிடித்து, ஓரத்தில் நூலுக்கும் ரோட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் போதும்.

இனி நம் பக்கம். மாநகராட்சியைக் கேள்வி கேட்பவர்கள் இதையும் பேசியாக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். வண்டி ஏற்ற ரோட்டுக்குள் ஒரு மீட்டர் நீளத்துக்கு நாம் போடும் சிமென்ட் சாய்தளம், ஓரமாக ஓட வேண்டிய தண்ணீருக்கு அணை. கொசு வருகிறது என்று வடிகாலின் வாயில் கோணி, கல், பிளாஸ்டிக் ஷீட் வைத்து அடைப்பது நாம்தான். ரோட்டுத் தண்ணீர் இறங்கும் வண்டல் வடிகட்டித் தொட்டிக்குள் மண் தங்குவதற்காகவே அடியில் பள்ளம் வைத்திருப்பார்கள். அதைச் செப்டம்பருக்குள் அள்ளவில்லையென்றால் அக்டோபர் முதல் மழையில் குழாய் மூடிக்கொள்ளும். வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் திருப்பிவிட்டிருக்கும் வீடுகளைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. மழையே இல்லாத மே மாதத்தில் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் வடிகாலே இல்லை. மழை வரும்போது அதில் இடமும் இருக்காது.

மொட்டைமாடித் தண்ணீரும் அப்படித்தான். 2003ல் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் கட்டாயமானது. 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழைக்கு 900 லிட்டருக்கு மேல் விழும். அது வீட்டுக் கிணற்றுக்கோ உறைக்கிணற்றுக்கோ போனால் தெருவுக்கு அவ்வளவு சுமை குறையும். குழாய் இருக்கிறது, ஆனால் குழியில் மண் மூடி இருபது வருடம் ஆகிறது என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் நிலை. வருடம் ஒரு முறை கூழாங்கல்லை எடுத்துக் கழுவிப் போட்டால் போதும்.

புகார் எங்கே கொடுப்பது என்பதில் குழப்பம் அதிகம். தேங்கிய மழைத் தண்ணீர், வடிகால், உள்தெரு, தெருவிளக்கு ஆகியவற்றுக்கு மாநகராட்சியின் 1913. மேன்ஹோலிலிருந்து பொங்கும் கழிவுநீர், குழாயில் வரும் நாற்றத் தண்ணீர் என்றால் குடிநீர் வாரியம். பில்லர் பாக்ஸ், அறுந்த ஒயர் என்றால் மின்வாரியம். பெரிய சாலைகளில் சில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. அங்கே மாநகராட்சியிடம் எழுதி ஒரு மாதம் காத்திருப்பது வீண். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். வேலை நடக்காமலே "முடிக்கப்பட்டது" என்று செய்தி வந்தால், அன்றைய தேதியில் அதே இடத்தைப் போட்டோ எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டுத் திரும்பப் பதியுங்கள். கேபிளுக்கோ குழாய்க்கோ தோண்டிய பள்ளத்தை மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனால் அது நிச்சயம் அமுங்கும். 15, 20 செ.மீ. அடுக்காக நிரப்பி ஒவ்வொன்றையும் திமிசு போட வேண்டும். மூடும் நாளிலேயே படம் எடுத்து அனுப்புவதுதான் பலன் தரும்.

ஆனால் தனித்தனிப் புகார்களால் தெருவின் மட்டம் இறங்காது என்பதுதான் என் உறுதியான எண்ணம். புகார் என்பது நடந்து முடிந்ததைப் பற்றியது. மட்டம் என்பது திட்டமிடும்போது முடிவாவது. அந்த இடத்தில் மக்கள் உட்கார ஒரு அவை இருக்கிறது, வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபை. 74வது அரசியல் சட்டத் திருத்தம் 1993ல் நடைமுறைக்கு வந்தது. 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 அன்றுதான் முதன்முதலாகக் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சர் ஸ்டாலினே கலந்துகொண்டார். விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். இதில் எனக்குக் குறை உண்டு. பகுதிப் பிரதிநிதிகள் நியமிக்கப்படுகிறார்கள், தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. சபைக்கென்று கையில் பணமும் இல்லை. கிராமசபை வருடத்தில் ஆறு நாள் கூடும் என்பது கிராமத்தில் குழந்தைக்கும் தெரியும், நகரத்தில் தன் பகுதி சபை எந்த நாளில் எங்கே கூடுகிறது என்று கேட்டால் படித்தவர்களே விழிக்கிறார்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கவுன்சிலரே இல்லாமல் இருந்த நகரம் இது. கூடிப் பேசும் பழக்கம் விட்டுப்போய், போனில் புகார் சொல்லும் பழக்கம் மட்டும் மிஞ்சியது. குறை இருந்தாலும் போக வேண்டும். போகாத சபையில் நமக்கு வேண்டாதது தீர்மானமாகும்.

போகும்போது பேச்சு வேண்டாம், ஒரு தாள் போதும். தெருவின் பெயர், அளந்த தேதி, வீட்டு எண்களுக்கு நேரே மூன்று மூன்று அளவுகள், கீழே ஒரே ஒரு கோரிக்கை: "அடுத்த சாலைப் பணியில் இத்தனை செ.மீ. சுரண்டி, முடிந்த மட்டம் இன்றைய மட்டத்தைத் தாண்டாமல் அமைக்க வேண்டும்." நடவடிக்கைக் குறிப்பில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அந்த மண்டலத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். "ஏன் சுரண்டவில்லை?" என்று கேட்காதீர்கள், ஏன் என்பதற்குப் பதில் தர மாட்டார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: எஸ்டிமேட் நகல், பணி ஆணை, செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் அந்த வேலைக்கான பக்கங்கள், சாலையை உருளையாக வெட்டி எடுத்துச் சோதித்த அறிக்கை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி. இந்தக் கடைசித் தேதி முக்கியம். அதற்குள் ரோடு பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். 30 நாளில் பதில் வரவில்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டத்தின் பிரிவு 2(j) வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. காகிதத்தில் 4 செ.மீ. சுரண்டியதாக எழுதிப் பணம் கொடுத்திருந்தால், உங்கள் டியூப் அளவும் அளவுப் புத்தகமும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில் பொறியாளர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வேலை முடிந்த மறுநாள் காலை அதே வாசற்படி, அதே பென்சில் கோடு, அதே டியூப். பழைய தாளில் புது அளவை எழுதி, உதவிப் பொறியாளரிடம் ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த ரோடு போட வரும்போது கவுன்சிலரும் பொறியாளரும் மாறியிருப்பார்கள், இன்றைய மட்டத்துக்குச் சாட்சி அது ஒன்றுதான் இருக்கும்.